ஆவடி: வேலிக்கு வெளியே வளர்ந்த மாநகராட்சி

புறநகர் ஒன்று எப்படி ஊராகிறது என்று யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். ரயில் வந்தது, பக்கத்தில் வயலும் ஏரியும் இருந்தது, யாரோ மனை போட்டார்கள், பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாதவர்கள் வந்து வீடு கட்டினார்கள், அப்புறம் பேருந்து, பள்ளிக்கூடம், நகராட்சி. சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் ஆவடிக்கு இந்தக் கதை பாதிதான் பொருந்தும். இங்கே ஊரை எழுப்பியது பாதுகாப்புத் துறை. அது கொடுத்த சம்பளத்தில்தான் கடைத்தெரு உண்டாயிற்று. அது போட்ட வேலிதான் ஊர் எந்தப் பக்கம் பரவலாம், எந்தப் பக்கம் கூடாது என்று தீர்மானித்தது. அந்த வேலிக்குள் இருக்கும் நிலத்துக்குச் சொத்துவரி போட முடியாது என்பதால் உள்ளூர் நிர்வாகம் பல வருஷம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. ஆவடியின் நல்லது கெட்டது இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்பது என் கட்சி.

ரயில் வந்தும் ஊர் வரவில்லை

இன்று ஆவடி மாநகராட்சி என்று சொல்லும் பரப்பு சுமார் 65 சதுர கிலோமீட்டர். அது ஒரே ஊராக இருந்ததே இல்லை. திருமுல்லைவாயல், பருத்திப்பட்டு, கோவர்த்தனகிரி, சேக்காடு, தண்டுரை, விளிஞ்சியம்பாக்கம், மிட்டனமல்லி, முத்தாபுதுப்பேட்டை, பட்டாபிராம் என்று தனித்தனிக் கிராமங்கள், பெரும்பாலும் ஆளுக்கொரு ஏரியோடு. தெற்கே கூவம் ஓடுகிறது (அங்கே அதை ஆறு என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பருத்திப்பட்டில் அதற்கு ஓர் அணைக்கட்டே உண்டு). இவற்றில் மூத்தது திருமுல்லைவாயல். மாசிலாமணீசுவரர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார், தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. சீர்காழிப் பக்கம் இன்னொரு திருமுல்லைவாயல் இருப்பதால் இது வட திருமுல்லைவாயல்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தத் தண்டவாளம் ஆவடி வழியாகத்தான் போகிறது. வழக்கமான கதைப்படி அங்கிருந்தே ஊர் பிடித்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ரயில் இந்தக் கிராமங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

மாற்றம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் மதராஸே காலியானது நினைவிருக்கும். அந்தப் போர்க்காலத்தில்தான் ஆவடியில் ராணுவக் கிடங்கும் முகாமும் எழுந்தன. இடத்தைப் பார்த்தால் காரணம் சுலபமாகப் புரியும்: துறைமுகத்திலிருந்து சரக்கு ரயிலில் நேராக வந்துவிடும், ஆனால் கடற்கரையில் இல்லை, சுற்றிலும் திறந்த வெளி. பட்டாபிராமில் பிரதான பாதையிலிருந்து கிடங்கை நோக்கி ஒரு கிளைப்பாதை பிரியும். ஜனங்கள் ‘மிலிட்டரி சைடிங்’ என்று சொல்லும் அந்தக் கிளைப்பாதையில் இன்றைக்கும் புறநகர் மின்ரயில் ஓடுகிறது. கிடங்குக்குச் சரக்கு கொண்டுபோகப் போட்ட தண்டவாளத்தில் இப்போது டிபன் பாக்ஸோடு ஆள்கள் இறங்கி ஏறுகிறார்கள். போர்க்கால ஆவடி எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம், அந்த ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போய் வரலாம்.

1955: ஒரு மாநாடும் ஒரு முகவரியும்

1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது. தலைமை யு. என். தேபர். நேரு பிரதமர், காமராஜர் முதலமைச்சராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ‘சோஷலிச மாதிரியான சமுதாயம்’ கட்சியின் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது இங்கேதான். அரசியல் வரலாறு படிக்கிறவர்களுக்கு ஆவடி என்றால் இந்தத் தீர்மானம், பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு ஆவடி என்றால் டாங்கி. ஒருவருக்குத் தெரிந்த ஆவடி மற்றவருக்குத் தெரிவதில்லை.

மாநாட்டுத் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். மாநாடு முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. முருகப்பா பாலிடெக்னிக் கல்லூரியின் முகவரியில் இன்றும் அது இருக்கிறது: சத்தியமூர்த்தி நகர், சென்னை 62. அந்தக் கல்லூரி அமைந்ததே தற்செயல் இல்லை. பக்கத்து அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள் ஆலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, டன்லப் டயர் ஆலையும் 1950களின் முடிவில் வந்துவிட்டது. இந்தத் தடத்தில் இயந்திரம் தெரிந்த ஆள்களுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு முன்பே இங்கே ஒரு தொழிலாளர் சந்தை உருவாக ஆரம்பித்திருந்தது. இதை ஆவடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எல்லாப் புகழையும் டெல்லிக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

டாங்கி

1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. அவர்கள் வடிவமைக்கும் டாங்கியை இங்கேயே கட்ட வேண்டும். அதற்காக ஆவடியில் எழுந்ததுதான் கனரக வாகனத் தொழிற்சாலை. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள், எச்.வி.எஃப். தான். அந்த டாங்கிக்கு இங்கே விஜயந்தா என்று பெயர். முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் ஆலையிலிருந்து வெளியே வந்தது. ஆரம்பத்தில் பாகங்களில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து வந்தது, வருஷம் போகப் போக உள்ளூர்ப் பங்கு கூடியது. 1971 போரில் விஜயந்தா களத்தில் நின்றது. பிறகு அதே ஆலையில் ரஷ்ய வடிவமைப்பில் டி-72, அதன் பின் டி-90.

எச்.வி.எஃப். தனியாக வரவில்லை. ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப். வந்தது (கொரோனா முதல் அலையின்போது மருத்துவர்களுக்கான கவச உடை தைத்ததால் சில நாள் செய்தியிலும் அடிபட்டது). 1970களில் டாங்கி ஆராய்ச்சிக்கென்று சி.வி.ஆர்.டி.இ., அர்ஜுன் டாங்கியின் பிறப்பிடம் அதுதான். 1980களில் எஞ்சின் தொழிற்சாலை. இவற்றோடு விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் படை மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல்படை அணிகள். தண்டவாளத்துக்கு வடக்கே நடந்து பார்த்தால் ஒரு மதில் முடிகிற இடத்தில் அடுத்த மதில் ஆரம்பிக்கும்.

வேலிக்குள் இருந்தது ஒரு முழு ஊர். வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், பதவிக்குத் தக்கபடி டைப் ஒன்று, டைப் இரண்டு என்று. கேந்திரிய வித்யாலயா ஒன்றல்ல, பல. மருத்துவமனை, விளையாட்டுத் திடல், மரம் அடர்ந்த நேர்ச்சாலை. விஜயந்தா பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு, டாங்கியின் பெயரைப் புத்தகப் பையில் சுமந்து படித்த பிள்ளைகள் உலகத்தில் வேறெங்கும் இருப்பார்களா தெரியாது. தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் என்று எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். சென்னையின் புறநகர்களில் இவ்வளவு கலவையான ஒன்று, தகவல் தொழில்நுட்பம் வருவதற்கு முன்பே, மேற்கில் இருந்தது என்பதை ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையின் பெருமை பேசுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

ரிட்டையர்மெண்ட் கட்டிய ஊர்

இனி வருவதுதான் இந்த ஆய்வின் மையம். குவார்ட்டர்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருஷம் ஒரே இடத்தில் இருந்து, பிள்ளைகள் அங்கேயே படித்து, கேண்டீன் அட்டையும் மருத்துவ வசதியும் அங்கேயே இருக்கும்போது, சொந்த ஊருக்குத் திரும்புகிறேன் என்று கிளம்புகிறவர்கள் குறைவு. அதனால் வேலையில் இருக்கும்போதே, பி.எஃப்.பில் கடன் எடுத்து, வேலிக்கு வெளியே சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு மனை வாங்கிப் போடுவார்கள். முதலில் சுற்றுச்சுவர், சில வருஷம் கழித்து ஒரு ஹாலும் அறையும், மகள் கல்யாணத்துக்கு அப்புறம் மாடி. காமராஜ் நகர், கோவர்த்தனகிரி, பருத்திப்பட்டு, திருமுல்லைவாயல் பக்கமெல்லாம் இப்படி நிரம்பியவைதான் ஏராளம். ஆலை ஆரம்பித்த காலத்தில் சேர்ந்த இளைஞர்கள் 1990களில் கூட்டமாக ஓய்வு பெற்றபோது இந்த வேகம் இன்னும் கூடியது.

இப்படி வளரும் ஊருக்குத் திட்டம் போடுகிறவர் யாரும் இல்லை. வேலிக்குள் சாலை, வடிகால், குடிநீர், தெருவிளக்கு எல்லாம் ஒருவர் கையில். வெளியே வயலை வாங்கியவர் அவருக்குத் தோன்றிய அகலத்தில் தெரு விட்டு விற்றார். ஏரிக்கு வரும் கால்வாயும் ஏரியிலிருந்து போகும் கால்வாயும் மனைப் பிரிவுகளுக்கு நடுவே ஒடுங்கின, சில இடங்களில் காணாமலே போயின. 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆவடியின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றதற்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏரி என்று பெயர் தெரிந்தே அதன் பிடிப்பரப்பில் ‘நகர்’ போட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

சம்பளம் இருந்தது, வரி இல்லை

அம்பத்தூரோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். இரண்டும் ஒரே தண்டவாளத்தில், ஒரே சாலையில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை, ஊர்ப் பேச்சில் சி.டி.எச். ரோடு) அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டும் தொழிலால் வளர்ந்தவை. ஆனால் அம்பத்தூரின் தொழில் தனியார் கையிலும் 1960களில் மாநில அரசு அமைத்த தொழிற்பேட்டையிலும் இருந்தது. ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு ஆலையும் நகராட்சிக்குச் சொத்துவரி கட்டியாக வேண்டும். ஆவடியின் தொழில் மத்திய அரசுடையது. அரசியல் சட்டத்தின் 285ஆவது பிரிவின்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ, அதற்குள் இருக்கும் உள்ளாட்சியோ வரி விதிக்க முடியாது. ஊரின் மிகப் பெரிய நிலச்சொந்தக்காரர் வரிப் புத்தகத்திலேயே இல்லை. ஆனால் அங்கே வேலை பார்க்கிறவர் குடியிருக்கும் தெருவுக்கு விளக்கு, குப்பை வண்டி, சாக்கடை எல்லாம் நகராட்சி கொடுக்க வேண்டும்.

வரிக்குப் பதில் சேவைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. 2009இல் ராஜ்கோட் மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் இதற்கு ஒரு வரைமுறை ஏற்பட்டது: உள்ளாட்சியின் சேவைகளை முழுதாகப் பயன்படுத்தினால் சொத்துவரியில் 75 சதவீதம், பகுதியாக என்றால் 50, எதையுமே பயன்படுத்தாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. தாளில் நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிறு நகராட்சி பாதுகாப்புத் துறையிடம் பில் நீட்டி, அளவெடுத்து, வாங்கிக் காட்டுவது லேசுப்பட்ட காரியமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பரங்கிமலை–பல்லாவரத்தில் ராணுவ நிலத்துக்கென்று கண்டோன்மெண்ட் போர்டு இருக்கிறது, அங்கே குடியிருப்பவர் யாரிடம் போய் முறையிட வேண்டும் என்பதில் குழப்பம் குறைவு. ஆவடியில் அப்படி எதுவும் அமையவில்லை. தொழிற்சாலை நிர்வாகம், விமானப்படை, ரயில்வே, நெடுஞ்சாலைத் துறை, நகராட்சி என்று நிலம் பல கை. ஒரு வடிகாலை நேராகக் கொண்டுபோய் ஏரியில் சேர்க்க வேண்டுமென்றால் நாலு அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பாதாளச் சாக்கடைத் திட்டம் வருஷக்கணக்கில் இழுத்ததில், தோண்டிய பள்ளத்தில் தடுக்கி விழாதவர்கள் ஆவடியில் குறைவு என்று சொல்லும் அளவுக்கு ஆனது.

இதையெல்லாம் சொன்னபிறகு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வேலி இல்லாமல் போயிருந்தால் தண்டவாளத்துக்கு வடக்கே இன்று ஒரு மரம் மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். சென்னையைச் சுற்றி இவ்வளவு பெரிய பரப்பு அடுக்குமாடி ஆகாமல் இருப்பது ராணுவம் வைத்திருப்பதால்தான். வெளியே இருப்பவருக்கு அந்த நிழலில் நடக்க அனுமதி கிடையாது, ஆனால் அங்கே விழும் மழை அங்கேயே இறங்குகிறது. தெற்குப் பக்கத்துக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அங்கே பருத்திப்பட்டு ஏரியை மீட்டு 2019இல் பூங்காவோடு திறந்ததைத்தான் பெரிய ஆறுதலாகச் சொல்லலாம். மாலையில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பார்த்தால் ஊருக்கு எவ்வளவு நாள் மூச்சுமுட்டி இருந்தது என்பது தெரியும்.

சென்னைக்குள் போகாதது நல்லதா

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அம்பத்தூர் உள்ளே போனது, ஆவடி வெளியே நின்றது. அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் ஆவடிக்கு 3,45,996 பேர். எட்டு வருஷம் கழித்து, 2019 ஜூனில், ஆவடி தனி மாநகராட்சியாக அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டில் 15ஆவது. 48 வார்டு. மாநகராட்சியாக முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது, அதாவது இரண்டரை வருஷத்துக்கு மேல் பெயர்ப்பலகை மாறியது, கவுன்சிலர் இல்லை. அதே 2022இன் முதல் நாளில் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது.

தனியாக நின்றது லாபமா நஷ்டமா என்று ஊரில் இன்னும் வாதம் ஓயவில்லை. சென்னையோடு சேர்ந்திருந்தால் குடிநீரும் சாலையும் சீக்கிரம் வந்திருக்கும் என்பது ஒரு தரப்பு. சேர்ந்த அம்பத்தூர்க்காரர்களைக் கேட்டுப் பார் என்பது எதிர்த்தரப்பு. என்னைக் கேட்டால் தனியாக நின்றதே சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆவடியின் சிக்கல் சென்னையின் எந்த மண்டலத்துக்கும் இல்லாத மாதிரியானது. எதிரே உட்கார்ந்து பேச வேண்டியது டெல்லி. அதற்குத் தனி மேயரும் ஆணையரும் இருப்பது நல்லது, அவர்கள் அதைப் பேசினால்.

பேச ஒரு வாய்ப்பும் இப்போது வந்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று 200 வருஷத்துக்கு மேல் பழமையான படைக்கலத் தொழிற்சாலை அமைப்பைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக்கினார்கள். எச்.வி.எஃப்.பும் எஞ்சின் தொழிற்சாலையும் கவச வாகனங்கள் நிறுவனத்துக்குள் போயின, அதன் தலைமையகமே ஆவடி. ஓ.சி.எஃப். கான்பூரில் தலைமையகம் கொண்ட இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. வேலைநிறுத்தத்தைத் தடுக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. ஊழியர்கள் அப்போதைக்கு அரசு ஊழியர் என்ற நிலையிலேயே அயற்பணியில் வைக்கப்பட்டார்கள். ஊர் நிர்வாகத்தின் கோணத்தில் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. அரசு வேறு, அரசுக்குச் சொந்தமான கம்பெனி வேறு, கம்பெனியின் சொத்துக்கு 285 பொருந்தாது என்று நீதிமன்றங்கள் மற்ற பொதுத்துறை நிறுவனங்களின் வழக்கில் சொல்லியிருக்கின்றன. ஆவடியில் அந்த நிலமும் கட்டடமும் யார் பெயரில், என்ன நிபந்தனையில் போகின்றன என்பதைப் பொறுத்து மாநகராட்சியின் வரவுப் பக்கமே மாறலாம். மாமன்றக் கூட்டத்தில் தெருவிளக்குக்குச் சண்டை போடும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கினால் நல்லது.

வேலை விஷயத்தில் ஊர் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்.கே.-1ஏ டாங்கிகளுக்கு சுமார் 7,500 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்தது பெரிய செய்திதான், ஆனால் டாங்கி ஆர்டர் என்பது வந்தால் வரும், நடுவில் வருஷக்கணக்கில் வராது. ஓவர்டைமும் பீஸ் ஒர்க்கும் அதோடு ஏறி இறங்கும், கடைத்தெருவும் சேர்ந்து ஏறி இறங்கும். இப்போது அந்தக் கடைத்தெருவை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் எச்.வி.எஃப். அடையாள அட்டை இல்லாதவர்கள்: சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டிலும் நகரத்திலும் வேலை பார்த்து, இரவு கடைசி லோக்கலில் திரும்புகிறவர்கள். நெமிலிச்சேரி வழியாக வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். மிலிட்டரி சைடிங் போகும் அதே பட்டாபிராம்.

அடுத்தது மெட்ரோ. கோயம்பேட்டிலிருந்து முகப்பேர், அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வெளிவட்டச் சாலை வரை 21.76 கிலோமீட்டர், மதிப்பீடு 9,744 கோடி ரூபாய் என்று 2025இல் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அம்பத்தூருக்கு மேற்கே அது சி.டி.எச். ரோட்டை ஒட்டித்தான் வர வேண்டும். காலை எட்டரைக்கு அந்த ரோட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சந்தேகம் உடனே வரும்: தூண் எழும்பும் வருஷங்களில் வண்டிகளை எந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள்? வடக்கே தண்டவாளம், அதைத் தாண்டினால் மதில். மிச்சம் பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லிப் பக்கம் சுற்றிப் போவதுதான், அந்த ரோடு இப்போதே அதன் சொந்தக் கூட்டத்துக்கே போதவில்லை.